கொதிக்கும் மேற்பரப்பை எப்படி மாற்றுவது: சொரசொரப்பா, நுண்துளைப் பூச்சா, நானோ அமைப்பா?

திரவத்தைக் கொதிக்கவைத்து வெப்பத்தை வெளியேற்றும் கருவியில், கொதித்தலை மேம்படுத்த மேற்பரப்பை மாற்றலாம் என்று முடிவெடுத்துத் தேட ஆரம்பித்தால் எண்கள் வந்து குவியும். ஓர் ஆய்வுக் கட்டுரை 3 மடங்கு என்கிறது. ஒரு குழாய்த் தயாரிப்பாளரின் விவரத்தாள் 10 மடங்கு என்கிறது. இன்னொன்று, சில டிகிரி வித்தியாசத்திலேயே சதுர செ.மீ.க்கு நூற்றுக்கணக்கான வாட் என்கிறது. எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் எது 3 மடங்கு, எந்தத் திரவத்தில், எத்தனை நாளைக்கு என்று கேட்டால்தான் அந்த எண் நமக்கு உதவுமா என்று தெரியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிகப் பெரிய எண்ணைக் காட்டும் மேற்பரப்பைத் தேட வேண்டாம். உங்கள் கருவி எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறதோ, அந்த இடத்தைத் தளர்த்தும் மேற்பரப்பைத் தேடுங்கள். பெரும்பாலான வேலைகளில் அது நானோ அமைப்பாக இருப்பதில்லை.

ஆதாயம் இரண்டு வகை

1934இல் ஜப்பானில் ஷிரோ நுகியாமா தண்ணீருக்குள் மெல்லிய கம்பியை வைத்து, மின்சாரத்தால் சூடாக்கி, கம்பியின் வெப்பநிலைக்கும் அது வெளியேற்றும் வெப்பத்துக்கும் உள்ள உறவை வரைந்தார். இன்றைக்கும் இந்தத் துறையில் பேச்சு அந்த வளைகோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. கம்பி கொதிநிலையைச் சில டிகிரி தாண்டியதும் குமிழிகள் எழுகின்றன. அதற்கப்புறம் வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலே வெளியேறும் வெப்பம் மளமளவென்று உயர்கிறது. ஓர் எல்லையில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆவிப் படலமாகிச் சூடான பரப்பை மூடிவிடுகின்றன. திரவம் உள்ளே வர வழியில்லை. மின்சாரமோ வெப்பத்தை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் சுவர் வெப்பநிலை ஒரே தாவில் ஆயிரம் டிகிரிக்கு மேல் போய்விடும். நுகியாமாவின் நிக்ரோம் கம்பி அந்த இடத்தில் உருகிவிட்டது. உருகுநிலை அதிகமான பிளாட்டினம் தாக்குப்பிடித்தது.

மேற்பரப்பை மாற்றி இந்த வளைகோட்டில் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, வளைகோட்டை இடப்பக்கம் நகர்த்தலாம். அதாவது, அதே வெப்பத்தைக் குறைந்த சுவர் வெப்பநிலையில் வெளியேற்றலாம். இதைக் காட்டும் அளவு வெப்பப் பரிமாற்றக் குணகம். மற்றொன்று, வளைகோட்டின் உச்சியையே உயர்த்தி, ஆவிப் படலம் மூடும் எல்லையைத் தள்ளிப்போடலாம். இது உச்ச வெப்பப் பாய்வு. 1959இல் ஸூபர் தந்த சூத்திரத்தின்படி, சாதாரண காற்றழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீருக்கு, அகன்ற தட்டைப் பரப்பில் இந்த எல்லை சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 110 வாட்.

இரண்டும் சேர்ந்தே உயரும் என்று எடுத்துக்கொள்வதில்தான் பல தேர்வுகள் தடம் மாறுகின்றன. 1962இல் பெரென்சன் செம்புப் பரப்பின் சொரசொரப்பை மாற்றி மாற்றிப் பென்டேனைக் கொதிக்க வைத்துப் பார்த்தார். குணகம் பல மடங்கு மாறியது. உச்சி கிட்டத்தட்ட அசையவே இல்லை. நானோ துகள் கலந்த திரவங்களில் இதற்கு நேர்மாறாக நடந்தது. உச்சி நன்றாக உயர்ந்தது. குணகமோ பல சோதனைகளில் அப்படியே நின்றது, சிலவற்றில் குறைந்தும் போனது.

ஆகவே முதல் கேள்வி உங்களுடைய இயக்கப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான். குளிர்பதன நிலையத்தின் ஆவியாக்கி உச்சிக்கு வெகு கீழே ஓடுகிறது. அங்கே உச்சியை இரண்டு மடங்காக்கி ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு டிகிரி குறைப்பும் கம்ப்ரஸரின் மின்செலவைக் குறைக்கும் என்பதால் குணகம்தான் எல்லாம். அணு உலையின் எரிபொருள் கோலிலும் அதிதிறன் மின்னணுவியலிலும் உச்சியைத் தொட்டால் அழிவு என்பதால், அங்கே சில டிகிரி கூடக் குறைய இருந்தாலும் உச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே முதல் கவலை.

மேற்பரப்பைத் தொடும் முன் ஒரு கணக்கு

குழாயின் உள்ளே தண்ணீர் ஓடுகிறது, வெளியே ஏதோ ஒரு திரவம் கொதிக்கிறது, இரு பக்கமும் குணகம் 5,000 வாட்/மீ²·கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். குழாய்ச் சுவரை விட்டுவிட்டால் மொத்தக் குணகம் 2,500. கொதிக்கும் பக்கத்தை 5 மடங்காக்கினால் மொத்தம் சுமார் 4,170. அதாவது 5 மடங்கு முன்னேற்றம் கைக்கு வரும்போது மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகச் சுருங்கிவிடுகிறது. இதுவும் நல்ல ஆதாயம்தான். ஆனால் மறுபக்கம் தண்ணீருக்குப் பதிலாகச் சூடான வாயு ஓடி, அங்கே குணகம் 100 மட்டுமே என்றால், மொத்தம் 98இலிருந்து 99.6க்குப் போகும். அவ்வளவுதான். அங்கே பணத்தை வாயுப் பக்கத்து இறகுகளில் (பரப்பளவைக் கூட்டும் மெல்லிய தகடுகளில்) போடுங்கள்; கொதிக்கும் பக்கத்தைத் தொட வேண்டாம்.

சுவரையும் மறக்கக் கூடாது. 2 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு வழியாகச் சதுர செ.மீ.க்கு 10 வாட் போகும்போது சுவருக்குள்ளேயே சுமார் 13 டிகிரி விழுகிறது. வெளியே எவ்வளவு அருமையான பூச்சு போட்டாலும் அந்த 13 டிகிரி அப்படியே இருக்கும்.

குமிழி எங்கே பிறக்கிறது

எந்தத் தேர்வையும் எடைபோட இது ஒன்று புரிந்தால் போதும். குமிழி பெரும்பாலும் சுவரில் உள்ள நுண்ணிய குழியில், அங்கே ஏற்கெனவே சிக்கியிருக்கும் ஆவியிலிருந்தோ காற்றிலிருந்தோதான் வளர்கிறது. குழியின் வாய் எவ்வளவு சிறியதோ, பரப்பு இழுவிசையை வெல்ல அவ்வளவு அதிக சூடு வேண்டும். சாதாரண அழுத்தத்தில் தண்ணீருக்கு, வாயின் ஆரம் 10 மைக்ரோமீட்டர் என்றால் சுவர் கொதிநிலையை 3 டிகிரி தாண்டினால் போதும். 5 மைக்ரோமீட்டருக்கு 6 டிகிரி. 1 மைக்ரோமீட்டருக்கு 20 டிகிரிக்கும் மேல். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு, வெறும் நானோ அளவுக் குழிகளால் தண்ணீரில் குமிழியைச் சீக்கிரம் பிறக்கவைக்க முடியாது என்பது தெரியும். நானோ அமைப்பு உதவுவது வேறு வழியில். அதைப் பிறகு சொல்கிறேன்.

அழுத்தம் குறைந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 0.1 பார் அழுத்தத்தில் தண்ணீர் 46 டிகிரியில் கொதிக்கும். ஆனால் அதே 5 மைக்ரோமீட்டர் குழி விழித்துக்கொள்ள 25 டிகிரிக்கும் மேல் மிகைவெப்பம் (சுவர் கொதிநிலையைத் தாண்டும் அளவு) வேண்டும். வெற்றிட ஆவியாக்கிக்கு, காற்றழுத்தத்தில் சோதித்த மேற்பரப்பின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவே கூடாது. அங்கே இன்னும் பெரிய குழிகள் தேவை.

குழியின் வாய் மட்டுமல்ல, வடிவமும் முக்கியம். வாய் குறுகி உள்ளே விரிந்த குழியில் ஆவி பத்திரமாகத் தங்கும். வி வடிவத் திறந்த கீறலில், நன்றாகப் பரவும் திரவம் உள்ளே புகுந்து ஆவியை விரட்டிவிடும். மின்கடத்தாத ஃபுளோரின் திரவங்கள் எந்த உலோகத்திலும் கிட்டத்தட்ட முழுசாகப் பரவுபவை. அவற்றில் திறந்த கீறல்கள் ஏறக்குறைய வீண்.

சொரசொரப்பாக்குதல்: மலிவு, ஆனால்...

உப்புத்தாள், மணல் வீச்சு, கம்பித் தூரிகை. செலவே இல்லை. பலன் உண்டா என்றால், உண்டு. ரோசனோவின் 1952ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் ஒவ்வொரு திரவ–பரப்பு ஜோடிக்கும் ஒரு மாறிலி இருக்கிறது. தண்ணீர்–செம்பு ஜோடிக்குப் பாலிஷ் செய்த பரப்பில் 0.0128, கீறிய பரப்பில் 0.0068 என்று பாடப்புத்தக அட்டவணைகள் தருகின்றன. வெப்பம் இதன் மூன்றாம் படிக்கு எதிராகப் போவதால், அதே மிகைவெப்பத்தில் கீறிய பரப்பு 6 மடங்குக்கும் மேல் வெப்பத்தை வெளியேற்றும். அல்லது அதே வெப்பத்துக்கு மிகைவெப்பம் பாதியாகும்.

மறுபுறம், வடிவமைப்புக்குப் பரவலாகப் பயன்படும் கோரென்ஃப்ளோ முறையில் குணகம் சொரசொரப்பின் 0.133ஆம் படிக்குத்தான் போகிறது. சொரசொரப்பைப் 10 மடங்காக்கினால் கிடைப்பது 36 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே ஒரு தகவல்: சராசரி சொரசொரப்பு என்ற ஒற்றை எண்ணால் குழிகளின் வடிவத்தைச் சொல்ல முடியாது. ஒரே தாளால் தேய்த்த இரண்டு தட்டுகள் ஒரே மாதிரி கொதிக்கும் என்று நம்ப முடியாது.

இன்னொரு பழைய பாடமும் உண்டு. 1931லேயே யாகோபும் ஃபிரிட்ஸும், புதிதாகச் சொரசொரப்பாக்கிய பரப்பு முதலில் நன்றாகக் கொதித்து, சில நாட்களில் அந்த ஆதாயத்தைப் பெரும்பாலும் இழப்பதைக் கண்டார்கள். குழிகளில் சிக்கிய காற்று வெளியேறிவிட்டால் திரவம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனவே சோதனைக்கூடத்தில் ஓர் ஒப்பீட்டுக்கு, அல்லது தண்ணீரில் கொஞ்சம் நிம்மதி கிடைத்தால் போதும் என்ற சூழலுக்கு இது சரி. வருடக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு இதை மட்டும் நம்பி வடிவமைக்க மாட்டேன்.

சுரங்கக் குழாய்கள்

குழாயின் வெளிப்புறத்தில் இறகுகளை உருட்டி எடுத்து, பிறகு அவற்றின் நுனிகளை வளைத்தோ நசுக்கியோ பக்கத்து இறகோடு கிட்டத்தட்ட மூடிவிடுகிறார்கள். அடியில் ஒரு சுரங்கம், மேலே குறுகிய துளைகள் அல்லது பிளவு. குமிழி வெளியேறிய பிறகும் சுரங்கத்துக்குள் ஆவி மிஞ்சுகிறது. அடுத்த குமிழி அங்கிருந்தே தொடங்குகிறது. ஹிட்டாச்சியின் தெர்மோஎக்ஸெல்-ஈ, வீலாண்டின் கீவா வகைகள், வுல்வரினின் டர்போ-பி எல்லாம் இந்தக் குடும்பம். ஹிட்டாச்சியில் நாகயாமா குழு 1980இல் வெளியிட்ட ஆய்வு, சுரங்கத்துக்குள் திரவம் சில துளைகள் வழியாக உறிஞ்சப்பட்டு வேறு துளைகள் வழியாக ஆவியாக வெளியேறுவதை விளக்கியது.

பெரிய சில்லர்களில் (தண்ணீரைக் குளிர்விக்கும் எந்திரங்களில்) ரெஃப்ரிஜெரன்டை, அதாவது குளிர்பதனத் திரவத்தைக் கொதிக்கவைக்க இதற்கு ஈடான தேர்வு இல்லை என்றே நினைக்கிறேன். குழாயும் அமைப்பும் ஒரே உலோகத் துண்டு. உரிந்து விழப் பூச்சே கிடையாது. குழாயை வழக்கம்போலக் குழாய்த்தகட்டில் விரித்துப் பொருத்தலாம். பலவீனம் கம்ப்ரஸர் எண்ணெய். எண்ணெய் ஆவியாவதில்லை, சுரங்கத்துக்குள் சேர்ந்துகொண்டே போய்க் குணகத்தைக் குறைக்கும். எண்ணெய் அளவு கட்டுக்குள் இல்லாத அமைப்பில், விவரத்தாள் எண்ணை நம்பிக் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் சிக்கல்தான். இன்னொன்று, துளையின் அளவு ஒரு குறிப்பிட்ட திரவத்துக்கும் அழுத்தத்துக்கும் பொருத்தி வடிவமைக்கப்படுகிறது. ரெஃப்ரிஜெரன்டை மாற்றினால் பழைய எண் செல்லாது.

சின்டர் செய்த நுண்துளைப் பூச்சு

உலோகத் துகள்களைப் பரப்பில் ஒட்டவைத்து, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே, ஆக்சிஜன் இல்லாத உலையில் வைத்தால், துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் உலோகம் பரவிக் கழுத்துப் போன்ற இணைப்பு உருவாகிறது. இதுதான் சின்டர் செய்வது. நடுவில் ஒன்றோடொன்று இணைந்த துளைகள். யூனியன் கார்பைடின் மில்ட்டன் 1968இல் காப்புரிமை பெற்ற ஹை ஃபிளக்ஸ் குழாய் இந்த வகையின் மூத்தது. எரிவாயுப் பிரிப்பு, எத்திலீன் ஆலைகள் போன்ற இடங்களில் அது தசாப்தங்களாக ஓடுகிறது. சுத்தமான ஹைட்ரோகார்பன்களில் குணகம் பத்து மடங்கு வரை உயர்வது இங்கே மிகைப்பேச்சு இல்லை.

கண்ணாடித் தொட்டியில் ஒரு வெற்றுச் செம்புத் தட்டையும் சின்டர் பூசிய தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடாக்கிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வெற்றுத் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகளில் மட்டும் பெரிய குமிழிகள் கிளம்பும், நடுவில் வெறுமை. பூசிய தட்டிலோ பரப்பு முழுக்கப் பொடிக் குமிழிகளின் அடர்ந்த நுரை எழும். துளைகளில் பல அளவுகள் கலந்திருப்பதால், எந்த வெப்பநிலைக்கும் பொருத்தமான வாய்கள் எங்கோ இருக்கின்றன. அத்துடன் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, துளைகள் திரவத்தைப் பக்கவாட்டிலிருந்து இழுத்துக் காய்ந்த இடங்களுக்குக் கொண்டுவருகின்றன. முதல் செயல் குணகத்தை உயர்த்துகிறது. இரண்டாவது உச்சியை உயர்த்துகிறது. இரண்டையும் ஒரே பூச்சு தருவதுதான் இதன் பலம்.

தடிமன் விஷயத்தில் பேராசை கூடாது. துகள் விட்டத்தின் 3 அல்லது 4 மடங்கு தடிமனில்தான் பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கிறது. அதைத் தாண்டினால் ஆவி வெளியேற நீண்ட தூரம் போக வேண்டும். உள்ளே வரும் திரவமும் வெளியேறும் ஆவியும் ஒரே பாதைக்காக மோதிக்கொள்ளும். லிட்டரும் கவியானியும் 2001இல் இதற்கு அழகான தீர்வு காட்டினார்கள். பூச்சை ஒரே தடிமனாகப் போடாமல் கூம்புகளாகக் குவித்து, கூம்புகள் வழியாகத் திரவம் இறங்கவும் இடைவெளிகள் வழியாக ஆவி ஏறவும் பாதைகளைப் பிரித்தார்கள். பென்டேனில் உச்சி வெற்றுப் பரப்பைப் போல ஏறத்தாழ 3 மடங்கானது.

விலை எங்கே என்றால், உலையில். செம்பை அந்தச் சூட்டில் வைத்தால் அது முழுக்க மிருதுவாகிவிடும். அழுத்தம் தாங்கவேண்டிய மெல்லிய குழாய்க்கும், ஏற்கெனவே பிரேஸிங் செய்த பாகத்துக்கும் இது பெரிய கவலை. முடிந்த கருவியைக் கொண்டுபோய்ப் பூச முடியாது. பூச்சை முதலில் முடித்துவிட்டு, பிறகு கருவியைக் கட்ட வேண்டும்.

உலை இல்லாமல் நுண்துளை

உலை ஒத்துவராத இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துகளும் பசையும் கரைப்பானும் கலந்து பரப்பில் தடவுவது. 1990களில் ஓ'கானரும் யூவும் எஃப்சி-72 என்ற மின்கடத்தாத ஃபுளோரின் திரவத்துக்காக இப்படிப்பட்ட நுண்துளைப் பூச்சை உருவாக்கினார்கள். இதைச் சிப்பின் மேலேயே பூசலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பசை வெப்பத்தைத் தடுக்கும். பசையும் துகளும் சேர்ந்த அடுக்கின் கடத்துதிறன் 1 வாட்/மீ·கெல்வின் என்று கொண்டால், திரவம் ஊடுருவாத 100 மைக்ரோமீட்டர் அடுக்கில், சதுர செ.மீ.க்கு 10 வாட்டில் 10 டிகிரி விழும். ஃபுளோரின் திரவங்களில் இயங்கும் வெப்பமே இந்த அளவுதான் என்பதால் மெல்லிய பூச்சில் சமாளிக்கலாம். தண்ணீரில் 100 வாட்டுக்குப் போனால் அந்த வீழ்ச்சி 100 டிகிரி. எனவே தண்ணீருக்குப் பசைப் பூச்சு வேண்டாம்.

மற்றது, அதிக மின்னோட்டத்தில் செம்பு முலாம் பூசுவது. அமிலக் கரைசலில் செம்பு படியும்போதே ஹைட்ரஜன் குமிழிகளும் கிளம்புகின்றன. குமிழிகள் இருந்த இடமெல்லாம் துளையாகி, நுரை போன்ற செம்பு வளர்கிறது. அதன் கிளைகள் மிக மெலிந்தவை. விரலால் தடவினாலே உதிரும். ஆகவே குறைந்த மின்னோட்டத்தில் இன்னொரு முறை முலாமிட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். அந்தப் படியைத் தவிர்க்கும் தயாரிப்பாளரிடம் வாங்காதீர்கள். பசை இல்லாததால் கடத்துதிறன் நன்று. சிறிய பாகங்களுக்கு இது எனக்கு மிகவும் பிடித்த வழி.

ஈரத்தன்மையும் நானோ அமைப்பும்

ஈரத்தன்மை என்றால் திரவம் ஒரு பரப்பில் எவ்வளவு நன்றாகப் பரவுகிறது என்பது. இங்கேதான் பத்திரிகைகளில் வரும் பெரிய எண்கள். நானோ அமைப்பு திரவத்தைச் சுவரோடு இறுகப் பிடிக்கவைக்கிறது. காய்ந்த புள்ளி பரவ விடாமல் தடுக்கிறது. 2009இல் செம்பு, சிலிக்கன் நானோகம்பிகளில் உச்சியும் குணகமும் வெற்றுப் பரப்பை விட இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தன. 2012இல் சூ, என்ரைட், வாங் ஆகியோர் நுண்தூண்கள் கொண்ட சிலிக்கன் பரப்பில் தண்ணீரின் உச்சியைச் சதுர செ.மீ.க்கு 200 வாட் அளவுக்குக் கொண்டுபோனார்கள். சொரசொரப்பு விகிதம் (தட்டைப் பரப்பளவைப் போல உண்மைப் பரப்பளவு எத்தனை மடங்கு என்பது) கூடக்கூட உச்சி எப்படிக் கூடும் என்று விளக்கமும் தந்தார்கள்.

ஆனால் நீர்விரும்பும் பரப்புக்கு ஒரு குணம் உண்டு: குழிகளிலும் தண்ணீர் புகுந்துவிடுவதால் முதல் குமிழி தாமதமாகும். நீர்வெறுக்கும் பரப்பில் ஓரிரு டிகிரியிலேயே கொதிப்பு தொடங்கும். ஆனால் குமிழிகள் சுவரோடு ஒட்டிப் பரவி, சீக்கிரமே படலமாகிவிடும். இரண்டையும் கலந்து, நீர்விரும்பும் தளத்தில் நீர்வெறுக்கும் சிறு புள்ளிகளை வைத்தால் என்ன என்று 2010இல் பெட்ஸ், அட்டிங்கர் குழு செய்து காட்டியது. புள்ளிகளில் குமிழி பிறக்கிறது. தளம் திரவத்தைப் பிடித்துவைக்கிறது. கருத்தாக இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தண்ணீருக்கு மட்டும் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. எந்தப் பரப்பிலும் பரவிவிடும் ஃபுளோரின் திரவத்துக்கு இந்தப் புள்ளிகள் கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை.

நானோதிரவம் என்ற வழி ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. 2003இல் யூவின் குழு சிறிதளவு அலுமினா துகள் கலந்த தண்ணீரில் உச்சி பெருமளவு உயர்வதைக் கண்டது. 2007இல் எம்ஐடியின் கிம், பாங், புவோஞ்ஜோர்னோ, ஹூ ஆகியோரின் ஆய்வு காரணத்தைத் தெளிவாக்கியது: கொதிக்கும்போது துகள்கள் சுவரில் படிந்து நுண்துளை அடுக்காகின்றன, அதுதான் திரவத்தை நன்றாகப் பரவவைக்கிறது. அப்படியானால் அடுக்கை நாமே ஒழுங்காகப் பூசிவிடலாமே. மூடிய சுற்றில் துகள் கலந்த திரவத்தை ஓடவிடப் பம்பும் வடிகட்டியும் ஒத்துக்கொள்வதில்லை.

லேசரால் உலோகத்தைச் செதுக்குவதும் இந்தப் பக்கத்தில்தான் வருகிறது. பூச்சே இல்லாமல், எஃகிலும் செய்யலாம், உரிந்துவிடாது. ஆனால் புதிதாகச் செதுக்கிய பரப்பு நீர்விரும்பியாக இருந்து, காற்றில் உள்ள கரிமப் பொருட்கள் படிந்து நாளடைவில் நீர்வெறுப்பியாக மாறிவிடும். சோதனை எந்த நிலையில் நடந்தது என்று கேளுங்கள்.

எண்களைப் படிக்கும் முறை

செம்பில், சதுர செ.மீ.க்கு 100 வாட் போகும்போது ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 2.5 டிகிரி விழுகிறது. மேற்பரப்பின் வெப்பநிலையை யாரும் நேரடியாக அளப்பதில்லை. உள்ளே சில இடங்களில் துளையிட்டுத் தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரியைச் செருகி, கோட்டை நீட்டிக் கணக்கிடுகிறார்கள். துளையின் இடம் அரை மில்லிமீட்டர் தவறினால் ஒரு டிகிரிக்கு மேல் பிழை. மிகைவெப்பமே 2 டிகிரி என்று சொல்லும் கட்டுரையில் குணகத்தின் எண் எவ்வளவு ஆடும் என்று பாருங்கள். பிழை எல்லை தரப்படாத குணகத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

இறகோ கால்வாயோ உள்ள பரப்பில் வெப்பத்தை அடிப்பரப்பளவால் வகுக்கிறார்கள். கருவியின் இடத்தைக் கருதும் பொறியாளருக்கு இது சரியான அளவுதான். ஆனால் அந்த எண்ணை ஒரு தட்டைப் பூச்சின் எண்ணோடு ஒப்பிட்டு, பூச்சைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பரப்பளவு கூடியதே பாதி ஆதாயமாக இருக்கலாம்.

மாதிரியின் அளவு இன்னும் நுட்பமான விஷயம். தண்ணீரில் ஆவி எழும் தூண்களுக்கு இடையிலான இயல்பான இடைவெளி சுமார் 27 மி.மீ. ஆய்வகங்களில் வழக்கமாகச் சோதிக்கும் 1 செ.மீ. சதுரம் அந்த இடைவெளியில் பாதி கூட இல்லை. சுற்றிலுமிருந்து திரவம் எளிதாக வந்து நனைத்துவிடும். அப்படிக் கிடைத்த உச்சியை அரை மீட்டர் தட்டுக்கு எழுதிவிட முடியாது.

காலமும் அழுக்கும்

தேர்வில் கடைசி வார்த்தை பெரும்பாலும் இதனுடையதுதான். கொதிக்கும்போது திரவம் போகிறது, கரைந்தது தங்கிவிடுகிறது. கால்சியம் கார்பனேட் சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். சுவரில்தான் முதலில் படியும். நுண்துளைக்குள் திரவம் நுழைந்து ஆவி மட்டும் வெளியேறுவதால் உள்ளே செறிவு ஏறிக்கொண்டே போகிறது. அணு உலைகளில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். எரிபொருள் கோலின் மேல் படியும் நிக்கல், இரும்பு ஆக்சைடுகளின் நுண்துளை அடுக்குக்குள் கொதிப்பு நடந்து போரான் சேர்கிறது. போரான் நியூட்ரானை விழுங்குவதால் உலையின் திறன் பரவலே கீழ்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. யாரும் பூசாத பூச்சே இவ்வளவு செய்யும் என்றால், சுத்திகரிக்காத தண்ணீரில் நாம் பூசிய நுண்துளை எத்தனை நாள் திறந்திருக்கும்? கடின நீர் கொதிக்கும் இடத்தில், துலக்கக்கூடிய வழவழப்பான அல்லது தாழ்வான இறகுள்ள பரப்பே சிறந்தது. பூச்சுக்குச் செலவிடும் பணத்தை நீரைச் சுத்திகரிக்கப் போடலாம்.

சரி, எதை எடுப்பது?

ரெஃப்ரிஜெரன்ட், எண்ணெய் கட்டுக்குள், பெரிய ஆவியாக்கி என்றால் சுரங்கக் குழாய். சுத்தமான ஹைட்ரோகார்பன், குறைந்த வெப்பநிலை வித்தியாசத்தில் ஓட வேண்டிய ரீபாய்லர் (வடிகலத்தின் அடியில் சேரும் திரவத்தைக் கொதிக்கவைக்கும் கருவி) என்றால் சின்டர் பூச்சு. உலைச் செலவு கருவியின் அளவு குறைவதிலேயே திரும்பிவிடும். மூடிய சுற்றில் சுத்தமான தண்ணீர், செம்பு, அதிக வெப்பம் என்றாலும் சின்டர் பூச்சையே முதலில் பார்ப்பேன். உச்சி போதவில்லை என்று சோதனையில் தெரிந்தால் மட்டும் கூம்பு வடிவப் பூச்சுக்கும், அதன் பிறகு நானோ அமைப்புக்கும் போவேன்.

மின்கடத்தாத திரவத்தில் மூழ்கவைத்துச் சிப்பைக் குளிர்விப்பது தனிக் கதை. எஃப்சி-72 போன்ற திரவத்தில் வெற்றுப் பரப்பின் உச்சி சதுர செ.மீ.க்குச் சுமார் 15 வாட்தான், தண்ணீரில் ஏழில் ஒரு பங்குக்குப் பக்கம். இதே வகைத் திரவமான எச்எஃப்இ-7100 கொதிப்பது 61 டிகிரியில். சிப்பின் மேற்பரப்பு 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றால் கையில் இருப்பது 24 டிகிரி. இந்தத் திரவங்கள் வழவழப்பான பரப்பில் கொதிக்கத் தயங்கும்; முதல் குமிழிக்கு முன் வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேல் ஏறிவிட்டுப் பிறகு திடீரென்று இறங்குவதும் உண்டு. அந்த ஒரு தாவலே நம் 24 டிகிரியைத் தின்றுவிடும். எனவே இங்கே நுண்துளை கட்டாயம். தனியாகச் செம்புத் தகடு வைக்க இடமிருந்தால் சின்டர் பூச்சோ கெட்டிப்படுத்திய முலாமோ. நேரடியாகச் சிப்பின் மேல் என்றால் மெல்லிய பசைப் பூச்சு. ஈரத்தன்மையை மாற்றும் பூச்சுக்கு இங்கே பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, 3எம் நிறுவனம் இந்த வகைப் பொருட்களின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் விட்டுவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. மாற்றுத் திரவத்துக்குப் போகிறவர்கள் அந்தத் திரவத்திலேயே மேற்பரப்பை மறுபடி சோதிக்க வேண்டும்.

தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியது: உங்கள் திரவத்தில், உங்கள் அழுத்தத்தில், வெப்பத்தை ஏற்றும்போது ஒரு வளைகோடு, இறக்கும்போது ஒரு வளைகோடு. இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பதில் முதல் குமிழியின் தயக்கம் தெரியும். பிறகு கருவியை ஓரிரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். குழிகளில் ஆவி தங்கியதா, திரவம் புகுந்ததா என்பதை அந்தக் காலை நேர வளைகோடு காட்டிவிடும். அதே மாதிரியைச் சில வாரங்கள் ஓடவிட்ட பிறகு எடுத்த வளைகோட்டையும் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரின் முதல் நாள் எண்ணை வைத்துக் குழாய் நீளத்தை முடிவு செய்யாதீர்கள்.